ஷூவுக்கும் மாதச் சந்தாவா?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறேன், எல்லாம் சேர்த்து 20 கிலோமீட்டர் வரும். மாதாமாதம் சந்தா கட்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புது ரன்னிங் ஷூ அனுப்புவோம், பழையதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதை உருக்கி மறுபடியும் பயன்படுத்திக்கொள்வோம் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. ஒரே தடவையாகப் பெரிய தொகை கொடுப்பதைவிட இது சுலபமாகத் தெரிகிறது. என் கணவர் "செருப்புக்குமா வாடகை?" என்று சிரிக்கிறார். சேரலாமா?

அவர் சிரித்துவிட்டுப் போகட்டும், ஆனால் 'வாடகை' என்றாரே, அந்தச் சொல் சரியான சொல். வழக்கமாக இந்தத் திட்டங்களில் ஷூ உங்களுடையது ஆகாது. போட்டுக்கொண்டு ஓடலாம், அழுக்காக்கலாம், கடைசியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். பழசானதும் தோட்ட வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், தம்பிக்குக் கொடுத்துவிடலாம் என்பதெல்லாம் கிடையாது.

முதலில் கிலோமீட்டரைப் பார்ப்போம். சாதாரணமாகத் தினமும் போட்டு ஓடும் ஷூ ஒன்று 500 முதல் 800 கிலோமீட்டர் வரை வரும் என்பது ஓடுகிறவர்களிடையே புழங்கும் கணக்கு. உடல் எடை, ஓடும் தரை, கால் விழும் விதம் இவற்றைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். வாரம் 20 என்றால் ஆறு மாதத்தில், அதாவது 26 வாரத்தில், 520 கிலோமீட்டர். தாளில் பார்த்தால் திட்டத்தோடு பொருந்துகிற மாதிரிதான் இருக்கிறது.

ஆனால் நிஜமாகவே 20 ஓடுகிறீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள், எல்லோருக்கும் இருக்கிற வியாதிதான் இது. யார் கேட்டாலும் வாரம் 30 என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒருநாள் உட்கார்ந்து வருடக் கணக்கைக் கூட்டி 52 ஆல் வகுத்துப் பார்த்தால் 19 வந்தது. நடுவில் காய்ச்சல், ஊர்ப்பயணம், மழை, வீட்டு விசேஷம், சும்மா சோம்பல் என்று எத்தனை வாரம் போயிருக்கிறது. நாம் சொல்வது நல்ல வாரத்தின் கணக்கு. சந்தா கட்டுவது எல்லா வாரத்துக்கும். போன ஆறு மாதத்தில் மொத்தம் எவ்வளவு ஓடினீர்கள் என்று உங்கள் போனிலோ கடிகாரத்திலோ பாருங்கள். 350 என்று வந்தால் பாதி உயிர் மிச்சமிருக்கிற ஷூவைத் திருப்பி அனுப்பப் போகிறீர்கள் என்று அர்த்தம்.

"தேயவில்லை என்றால் இன்னும் மூன்று மாதம் வைத்துக்கொள்கிறேனே" என்பீர்கள். சிக்கல் அங்கேதான். ஆன் (On) என்ற சுவிட்சர்லாந்து நிறுவனம் 2020 செப்டம்பரில் சைக்ளான் என்ற பெயரில் இப்படி ஒரு சந்தாவை அறிவித்து, 2022ல் கிளவுட்நியோ என்ற ஷூவை அனுப்பத் தொடங்கியது. அப்போது அமெரிக்காவில் மாதம் 29.99 டாலர். ஆறு மாதத்தில் மாற்றிக்கொண்டால் ஒரு ஜோடிக்கு ஏறக்குறைய 180 டாலர் ஆனது. அதே ஜோடியைப் பத்திரமாக ஒன்பது மாதம் ஓட்டினால் 270 டாலர்! காசு கொடுத்து வாங்கிய ஷூ என்றால் கூடுதலாக ஓடும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு லாபம். சந்தாவில் அதே மாதம் உங்களுக்குச் செலவு. சிக்கனமாகப் புழங்குகிறவர் கை நஷ்டப்பட்டு, சீக்கிரம் சீக்கிரம் மாற்றுகிறவர் லாபப்படுகிற ஏற்பாடு இது. உங்களுக்கு வந்திருக்கும் திட்டத்தையும் இப்படியே போட்டுப் பாருங்கள். மாதத் தொகையைப் பன்னிரண்டால் பெருக்கி, ஒரு வருடத்தில் உண்மையில் எத்தனை ஜோடி தேய்ப்பீர்களோ அதால் வகுத்தால் வருவதுதான் ஒரு ஜோடியின் விலை. அவர்கள் எத்தனை ஜோடி தருகிறார்கள் என்பதால் வகுக்காதீர்கள், அது அவர்கள் கணக்கு.

பணத்தை விடுங்கள், எனக்கு இதில் பெரிய தயக்கம் அளவு விஷயத்தில்தான். கடையில் நாலு ஜோடி போட்டு, நாலு எட்டு ஓடிப் பார்த்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா, குதிகால் வழுக்குகிறதா என்று பார்த்து வாங்குகிறோம். சந்தாவில் பெரும்பாலும் ஒரே ஒரு மாடல், இல்லையென்றால் இரண்டு மூன்று. அது உங்கள் காலுக்குப் பொருந்தினால் அதிர்ஷ்டம். பொருந்தினாலும் அடுத்த வருடம் அதே மாடலின் புதுப் பதிப்பு வரும், பெயர் அதேதான் இருக்கும், முன்பகுதி ஒடுங்கியிருக்கும், அல்லது குதிகால் பக்கத்துக்கும் விரல் பக்கத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் 10 மில்லிமீட்டரில் இருந்து 5க்கு இறங்கியிருக்கும். ஐந்து மில்லிமீட்டர்தானே என்று நினைப்போம், கெண்டைக்கால் நினைக்காது. அந்த வித்தியாசம் குறையக் குறைய கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் கூடுதலாக இழுபடும், பழக நாளாகும். கடையில் என்றால் வேறு ஷூவுக்குப் போய்விடலாம். சந்தாவில் வருவதைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

என் கதையும் ஒன்று இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் இந்த மாதிரி ஒன்றில் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். முதல் ஜோடி நன்றாகவே இருந்தது. நாலாவது மாதம் முழங்காலில் வலி, பத்து வாரம் ஓடக்கூடாது என்றாகிவிட்டது. ஷூ வாசலில் சும்மா கிடக்கிறது, வங்கியில் இருந்து பணம் மட்டும் ஒன்றாம் தேதி தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது. நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டேன், விதிகளில் அப்படி இல்லை என்றார்கள். குணமாவதற்குள் அடுத்த ஜோடியும் வந்து சேர்ந்துவிட்டது. பெட்டியைத் திறந்தால் புது ரப்பர் வாசனை, எனக்கோ மாடிப்படி இறங்கவே கைப்பிடி வேண்டியிருந்தது. அவர்கள் மேல் தப்பில்லை, விதி எழுதித்தான் இருந்தது. நான் படிக்கவில்லை.

ஆகவே இப்போதைக்குச் சேர வேண்டாம் என்பதுதான் என் பதில். மூன்று மாதம் கிலோமீட்டரை எழுதி வையுங்கள். வாரம் 35, 40 என்று விடாமல் ஓடுகிறவராகி, அவர்கள் தரும் அதே மாடலில் ஏற்கெனவே ஒரு ஜோடி தேய்த்து, கால் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று தெரிந்த பிறகு யோசிக்கலாம். வாரம் 40 ஓடினால் ஐந்து மாதத்துக்குள்ளேயே 800 தாண்டிவிடும், அப்போது ஆறு மாதத்துக்கு ஒரு ஜோடி போதாது. தேய்ந்ததும் மாற்றித் தருவார்களா, வருடத்துக்கு இத்தனைதான் என்று வரம்பு வைத்திருக்கிறார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே தொகையாகக் கொடுப்பது கஷ்டம் என்பது மட்டும்தான் காரணம் என்றால், அந்தச் சந்தாத் தொகையை மாதாமாதம் நீங்களே தனியாக எடுத்து வையுங்கள். ஆறு மாதத்தில் ஷூ வாங்கும் பணம் சேர்ந்திருக்கும், ஓடாத மாதத்தின் பணம் உங்களிடமே இருக்கும். முடிந்தால் வேறு வேறு மாடலில் இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். லக்சம்பர்க்கில் 264 பேரை 22 வாரம் கவனித்த ஓர் ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரே ஆய்வுதான், அதற்காகக் கடன் வாங்கி இரண்டு ஜோடி வாங்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரே மாடலையே திருப்பித் திருப்பி அனுப்பும் சந்தாவில் இது நடக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

கேள்வி: என் ஷூவின் அடிப்பக்கம் கிட்டத்தட்ட புதிதாகவே இருக்கிறது. கூட ஓடும் நண்பர் "செத்துப்போச்சு, மாத்து" என்கிறார். எதை வைத்து முடிவு செய்வது?

அடி ரப்பரைப் பார்த்து ஏமாறாதீர்கள். தரையில் படும் ரப்பர் ஒன்று, அதற்கு மேலே அதிர்ச்சியைத் தாங்கும் நுரை ஒன்று, இதை மிட்சோல் என்பார்கள். ரப்பர் கெட்டியானது, நிதானமாகத் தேயும். நுரை என்பது உள்ளே லட்சக்கணக்கான குட்டிக் குட்டி காற்றறைகள், ஒவ்வொரு அடிக்கும் நசுங்கி எழ வேண்டும், நாளாக ஆக முழுசாக எழுந்திருக்காது.

1985ல் வந்த ஒரு பழைய ஆய்வு இதில் எனக்குப் பிடித்தமானது. ஓடுவது போலவே அடிக்கும் இயந்திரத்தில் ஷூக்களை வைத்துப் பார்த்தார்கள். சுமார் 80 கிலோமீட்டரிலேயே அதிர்ச்சி தாங்கும் திறன் 75 சதவீதத்துக்கு வந்துவிட்டது, 400 முதல் 800 கிலோமீட்டருக்குள் 60க்கும் கீழே போய்விட்டது. ஆனால் மனிதர்கள் நிஜமாகப் போட்டு ஓடிய ஷூக்களில் 800 கிலோமீட்டருக்குப் பிறகும் ஏறக்குறைய 70 சதவீதம் மிச்சம் இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, இறக்கத்தின் பெரும்பகுதி ஆரம்பத்திலேயே நடந்துவிடுகிறது, அப்புறம் மெதுவாகத்தான் குறைகிறது. 499வது கிலோமீட்டரில் நன்றாக இருந்த ஷூ 500வதில் செத்துப்போவதில்லை. ஆறு மாதம் முடிந்த மறுநாளும் செத்துப்போவதில்லை. இன்றைய நுரைகள் அன்றையவற்றைவிட எவ்வளவோ மாறிவிட்டன, எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் நான் செய்வது இது. இரண்டு ஷூவையும் மேசையின் மேல் பின்பக்கம் தெரிய வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பார்ப்பேன். என் இடது ஷூ எப்போதும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நிற்கும், லேசாகத் தட்டினால் ஆடும். வலதுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அப்புறம் பக்கவாட்டில் நுரையைப் பார்ப்பேன். புதிதில் வழவழவென்று இருந்த இடத்தில், குதிகாலுக்குக் கீழே, நெற்றிச் சுருக்கம் மாதிரி கிடைமட்டக் கோடுகள் விழுந்திருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும், விட்டாலும் சட்டென்று விரியாது. இந்த நிலைக்கு வந்துவிட்டால் மாற்றுவேன். இன்னும் சந்தேகம் என்றால் கடையில் அதே மாடலின் புது ஷூவை ஒரு காலிலும் உங்கள் பழையதை இன்னொரு காலிலும் போட்டு நில்லுங்கள், வித்தியாசம் கால் வழியாகவே தெரிந்துவிடும்.

இன்சோலை, அதாவது ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை, வெளியே எடுத்து அதன் அடியில், முதல் நாள் போட்ட தேதியைப் பேனாவால் எழுதி வைப்பது நல்ல பழக்கம். என் ஞாபகத்தை நான் நம்புவதில்லை.

கேள்வி: பழைய ஷூவை உருக்கிப் புது ஷூ செய்கிறார்கள் என்பது உண்மையா, விளம்பரமா? சுற்றுச்சூழலுக்காகவாவது சந்தாவில் சேரலாம் என்று தோன்றுகிறது.

இரண்டும்தான். சாதாரண ஷூவை மறுசுழற்சி செய்வது பெரிய தலைவலி என்பது உண்மை. நுரை ஒரு பொருள், ரப்பர் ஒரு பொருள், மேல்துணி வேறொரு பொருள், எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள், பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ரப்பரும் வழக்கமான நுரையும் சூடாக்கினால் பிளாஸ்டிக் மாதிரி உருகி ஓடுவதில்லை. அதனால் அரைத்துத் தூளாக்கி விளையாட்டுத் தளங்களுக்குப் போடுவதுதான் நெடுங்காலமாக நடப்பது. ஷூ ஷூவாகத் திரும்பி வருவதில்லை.

இதைச் சமாளிக்கத்தான் ஷூவையே வேறு மாதிரி செய்து பார்க்கிறார்கள். அடிடாஸ் 2019ல் ஃபியூச்சர்கிராஃப்ட் லூப் என்று ஒன்றைக் காட்டியது, லேஸில் இருந்து அடிப்பாகம் வரை ஒரே வகை பிளாஸ்டிக், பசையே கிடையாது. முன்னே சொன்ன கிளவுட்நியோவில் பாதிக்கு மேல் ஆமணக்கு விதையில் இருந்து எடுத்த பொருள். ஆமாம், விளக்கெண்ணெய் எடுக்கிற அதே ஆமணக்குதான். சாயம்கூடப் போடாமல் வெள்ளையாகவே விட்டிருக்கிறார்கள், மழைநாளில் அதைப் போட்டு ஓடினால் என்ன கதி என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி ஷூவுக்குச் சந்தா என்பது பொருத்தமான ஏற்பாடு, ஏனென்றால் பழையது கட்டாயமாகத் திரும்பி வந்தால்தான் உருக்க முடியும். விற்றுவிட்டுத் 'திருப்பிக் கொடுங்கள்' என்று கேட்டால் எத்தனை பேர் மெனக்கெட்டு அனுப்புவார்கள்? நானே அனுப்ப மாட்டேன்.

இதன் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2013ல் ஒரு ஜோடி ரன்னிங் ஷூவைக் கணக்கெடுத்தார்கள். 65 தனித்தனி பாகங்கள், 360க்கும் மேற்பட்ட வேலைகள், மொத்தம் சுமார் 14 கிலோ கரியமில வாயு. அதில் மூன்றில் இரண்டு பங்கு, தொழிற்சாலையில் வெட்டி, அச்சில் வார்த்து, தைத்து, ஒட்டும் கட்டத்தில் வெளிவருகிறது. மூலப்பொருளின் பங்கு அதைவிடக் குறைவு. அப்படியென்றால் ஆமணக்கில் செய்தாலும் பழையதை உருக்கிச் செய்தாலும், தொழிற்சாலை மறுபடி ஓடித்தான் ஆக வேண்டும். அந்த 14 கிலோவை 500 கிலோமீட்டருக்குப் பங்கிட்டால் கிலோமீட்டருக்கு 28 கிராம், 800க்குப் பங்கிட்டால் பதினேழரை கிராம். 350 கிலோமீட்டரில் திருப்பி அனுப்பினால் 40 கிராம். சுற்றுச்சூழலுக்காகச் சேருகிறீர்கள் என்றால், தேதி வந்துவிட்டதே என்று மாற்றாமல் கடைசிவரை தேய்த்துவிட்டு அனுப்புங்கள். அதற்குக் கூடுதல் பணம் கட்ட வேண்டியிருப்பதுதான் வேடிக்கை.

கேள்வி: குழந்தைகளுக்கும் இப்படி ஷூ சந்தா வருகிறதாமே? என் மகளுக்கு ஏழு வயது, எந்த ஷூவும் தேய்வதற்கு முன்பே சிறிதாகிவிடுகிறது.

இங்கே நான் கட்சி மாறிவிடுகிறேன். பெரியவர்களுக்கு ஷூ கெடுவது கிலோமீட்டரால், குழந்தைகளுக்குக் கெடுவது காலத்தால். கால் வளர்ந்துகொண்டே இருக்கிறது, ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில மாதத்தில் அளவு மாறத்தான் போகிறது, எனவே காலண்டரை வைத்து ஷூ அனுப்புவதில் நியாயம் இருக்கிறது. நைக்கி 2019ல் அமெரிக்காவில் 2 முதல் 10 வயது வரையிலான குழந்தைகளுக்கு இதைத் தொடங்கியது. வருடத்துக்கு நாலு, ஆறு, பன்னிரண்டு ஜோடி என்று மூன்று விதம் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு ஜோடி யாருக்கு வேண்டும் என்று தெரியவில்லை, பூரானுக்கு வேண்டுமானால் ஆகும். உங்கள் மகளுக்கு நாலே தாராளம். ஆனால் அளவு சரியில்லை என்றால் எத்தனை தடவை இலவசமாக மாற்றித் தருவார்கள் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள், அடுத்த ஜோடி வரும் முன் மாலை வேளையில் காலைத் தாளில் வைத்து வரைந்து அளந்துவிடுங்கள். நாள் முழுக்க ஆடிவிட்டு வந்த கால் காலையில் இருந்ததைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும்.

கேள்வி: கார்பன் தகடு வைத்த பந்தய ஷூவுக்குச் சந்தா இருந்தால் சேரலாமா?

எதற்கு? அவற்றின் ஆயுளே வேறு. அடிடாஸ் 2023ல் விட்ட அடியோஸ் ப்ரோ ஈவோ 1 ஷூவை, பழகிப் பார்க்கக் கொஞ்ச தூரம், அப்புறம் ஒரே ஒரு மராத்தான், அவ்வளவுக்குத்தான் என்று நிறுவனமே சொன்னது. அதைப் போட்டுக்கொண்டு எத்தியோப்பிய வீராங்கனை டிக்ஸ்ட் அசெஃபா அந்த வருடம் பெர்லின் மராத்தானில் 2 மணி 11 நிமிடம் 53 விநாடியில் அப்போதைய பெண்கள் உலக சாதனை செய்தார். வருடத்துக்கு இரண்டு பந்தயம் ஓடுகிற நமக்கு, தேவைப்படும்போது ஒரு ஜோடி வாங்கிப் பந்தயத்துக்கு மட்டும் எடுத்து வைத்தால் போதும்.

கேள்வி: ஏற்கெனவே சேர்ந்துவிட்டேன், வெளியே வர வேண்டும். வங்கியில் சொல்லிப் பணம் எடுப்பதை நிறுத்திவிடலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் ரத்து செய்யச் சொல்லி எழுதி, பதில் வாங்கிக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச மாதங்கள் என்று ஒன்று இருக்கலாம், அது முடியும் முன் வெளியேறினால் மிச்சத்தைக் கேட்பார்கள். ஷூ திரும்பி வராவிட்டால் முழு விலையும் எடுத்துக்கொள்ளும் விதி இருக்கிறதா என்று பாருங்கள். வங்கியில் நிறுத்திவிட்டு ஷூவையும் வைத்துக்கொண்டால் பாக்கிக்காரர் என்று எழுதிவிடுவார்கள். பெட்டியில் போடும் முன் ஷூவைப் படம் எடுத்து, கூரியர் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சேர்ந்துவிட்டது என்று அவர்கள் எழுதிய பிறகு வங்கிக்குப் போங்கள்.

கேள்வி: நீங்கள் இப்போது எந்தச் சந்தாவில் இருக்கிறீர்கள்?

எதிலும் இல்லை. இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன், ஒன்று 610 கிலோமீட்டர், இன்னொன்று 240. முழங்கால் நாட்களில் வந்து சேர்ந்த அந்தப் பெட்டியைப் பிரித்த கையோடு மூடித் திருப்பி அனுப்பிவிட்டேன், அனுப்பும் செலவும் என்னுடையதுதான்.